உப்புக்காத்துல உருளைக்கிழங்கு: மூணு ரகம் வச்சுப் பாத்தது

நமக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளி பக்கம், முழுக்க மணல் பூமி, கிணத்துத் தண்ணியும் சவறு. உருளை வைக்கப்போறேன்னதும் அப்பத்தா "அது மலைக்கிழங்குய்யா, இந்த வெக்கையில எங்க இறங்கும், பேசாம பனங்கொட்டையப் பொதைச்சு விடு, தைக்கு கிழங்காச்சும் கெடைக்கும்"னு சொல்லுச்சு. அது சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. உருளைக்கு பகல் வெயில விட ராத்திரி சூடுதான் பெரிய எதிரி, ராத்திரி 20 டிகிரிக்கு மேலயே நின்னுச்சுன்னா செடி இலையும் தண்டுமா வளரும், கிழங்கு திரளாது. நம்ம கடற்கரையில மார்கழி தையில கூட 20க்குக் கீழ இறங்குறது அபூர்வம். அப்ப எந்த ரகம்தான் இங்க தாங்கும்னு பாத்துடணும்னு ஆசை.

வச்சது மூணு. ஊட்டிலருந்து வந்த குஃப்ரி ஜோதி, இது 1968ல வந்த பழைய ரகம். அடுத்து கடையில வாங்குன சிவப்புத்தோல் கிழங்கு, ரகம் பேரு தெரியாது. மூணாவது குஃப்ரி சூர்யா, சூடு தாங்கணும்னே சிம்லாவுல இருக்குற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2006ல வெளியிட்டது, வடக்க இருக்குற நண்பர் ஒருத்தர் மூலமா கெடச்சது.

ஐப்பசி அடமழையில வச்சா விதைக்கிழங்குத் துண்டு அழுகிரும், அதனால மழை ஓய்ஞ்சு கார்த்திகை கடைசியில வச்சேன். செம்மண்ணு, நார்க்கழிவு, மக்குன ஆட்டெரு கலந்து சிமெண்ட் சாக்குல பாதிக்கு மட்டும் நிரப்பி, வாயை மடிச்சு விட்டு, செடி ஏற ஏற மடிப்பப் பிரிச்சு மண் அணைச்சுக்கிட்டே வரணும், ஏன்னா கிழங்கு விதைத்துண்டுக்கு மேலதான் புடிக்கும், வெளிச்சம் பட்டா பச்சையாகி கசந்துரும், அத சாப்பிடக்கூடாது. தண்ணி மழைக்குத் தொட்டியில புடிச்சு வச்சது. சாயங்காலம் ஊத்துனேன், ராத்திரிக்கு மண்ணு கொஞ்சம் குளுந்து கெடக்கும்ல. மேல காஞ்ச பனை ஓலைய பரப்பி விட்டேன்.

மாசியில சாக்கக் கவுத்தாச்சு. ஜோதி செடிதான் இருக்குறதுலயே அழகு, இடுப்பு ஒசரம், ஆனா மண்ணுக்குள்ள வெள்ளை வெள்ளையா ஓட்டம் (நுனியில கிழங்கு புடிக்கிற தண்டு) நீளமா ஓடி, நுனியில நெல்லிக்காய் சைஸுல ஒண்ணு ரெண்டு. சிவப்புல ஒரு வினோதம், ஒரு கிழங்கு திரண்டு நின்னு அதோட கண்ணுலருந்து ஓட்டம் கெளம்பி அடுத்த குட்டிக்கிழங்கு, மணி கோத்த மாதிரி தொங்குது. மண்ணு சூடு ஏறி எறங்குனா இப்படி ஆகுமாம். சூர்யாவுலதான் மனசு நெறஞ்சுச்சு. நீளவாக்குல, வெளுத்த தோலு, ஒண்ணு ரெண்டு என் உள்ளங்கை அளவு, சாக்குக்கு முக்கா கிலோ பக்கம். கட்டைவிரலால தேச்சா தோலு உரிஞ்சு வந்துச்சு, இன்னும் ஒரு வாரம் தண்ணிய நிறுத்தி விட்டுருந்தா தோலு இறுகியிருக்கும், ஆனா வெயில் ஏறிட்டதால விட்டு வைக்கல. அன்னைக்கே நெத்திலிக் கருவாட்டோட கொழம்பு, அப்பத்தா ரெண்டாவது தடவ கேட்டு வாங்குச்சு.

என்னப் பொறுத்தவரைக்கும் நம்ம பக்கம் ஜோதி வேண்டவே வேண்டாம், சூர்யா மட்டும் போதும். சிக்கல் விதைதான், சித்திரை வைகாசி வெக்கையில வீட்டுல வச்சா சுருங்கி அழுகிரும், கோல்ட் ஸ்டோரேஜ் இல்லாம அடுத்த கார்த்திகை வரைக்கும் நிக்காது, வருசா வருசம் வெளியிலருந்துதான் வாங்கணும். சூடு தாங்குறதுல குஃப்ரி லிமான்னு இன்னொரு ரகமும் இருக்கு. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை பக்கம் யாராச்சும் அத வச்சுப் பாத்திருந்தா எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க, விதை எங்க கெடச்சதுன்னும் சொல்லுங்க.