பம்பு டிசைனுக்கு எந்தக் கம்ப்யூட்டர்?
கோவை கணபதியில் பம்பு டிசைன் செய்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிகள் "எத்தனை கோர் வேணுங்கண்ணா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடுகிற தனித்தனிப் பிரிவு. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருளில் மாடல் போடும்போது ஃபீச்சர்கள், அதாவது மாடலைக் கட்டுகிற ஒவ்வொரு படியும், பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்காகும். பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லரின் பிளேடு வளைவை லேசாக மாற்றினாலும், அதை நம்பி நிற்கிற ஃபில்லட் (விளிம்பை உருட்டுகிற வளைவு) எல்லாம் வரிசையில் காத்திருக்கும். அதனால் கோர் எண்ணிக்கையைவிட, ஒற்றைக் கோர் வேகமாக ஓடுகிற பிராசசர்தான் மேல். ரெண்டரிங் (மாடலை நிஜப் படம்போல ஆக்குவது), ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் (பாகம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற கணக்கு) தினமும் ஓட்டுபவர்களுக்குக் கோரும் கூடுதலாக வேண்டும். ராம் 32 ஜிபி, 16 ஜிபி இரண்டாகப் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டை சாலிட்வொர்க்ஸின் சான்றுப் பட்டியலைப் பார்த்தே வாங்குங்கள். டிரைவர் பதிப்பும் அதிலேயே இருக்கும். அப்புறம், பக்கத்தில் வெல்டிங் ஓடுகிற இடமென்றால் மின்னழுத்தம் ஏறி இறங்கும்; யுபிஎஸ் இல்லாமல் ஆன் செய்யவே வேண்டாம்.