கால்குலஸ் பிசி வகுப்புக்கு முன் ஒரு கோடை: மகளுடன் நானும் படித்த கதை

நியூ ஜெர்சியில் ஜூன் மாதம் பள்ளி மூடியதும், செப்டம்பரில் ஏபி கால்குலஸ் பிசி என்ற, உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் நுண்கணித வகுப்பில் சேரவிருக்கும் மகளுடன் நானும் உட்கார்ந்து படிப்பது என்று முடிவு செய்தேன். 1990-களில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தபோது வகையிடலையும் தொகையிடலையும் மடக்கை அட்டவணையோடு போராடிக் கரைத்துக் குடித்தவன் என்ற துணிச்சல் எனக்கு இருந்தது. ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் பாடத்திட்டத்தில் பிசிக்குப் பத்து அலகுகள் உள்ளன. துருவ ஆயங்களும் (புள்ளியைத் தூரத்தாலும் கோணத்தாலும் குறிப்பது) முடிவிலித் தொடர்களும் வரும் கடைசி இரண்டு அலகுகள் பிசி மாணவர்களுக்கு மட்டுமே உரியவை.

முதல் இரண்டு வாரங்கள் முக்கோணவியல் முற்றொருமைகளிலும் மடக்கை விதிகளிலும் கழிந்தன. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

ஜூலையில், காலேஜ் போர்டு வெளியிட்டிருக்கும் பழைய விரிவான விடை வினாக்களை மதிப்பெண் குறிப்புகளோடு எடுத்தோம். மே மாதத் தேர்வில் இத்தகைய வினாக்கள் 6 வரும், ஒவ்வொன்றுக்கும் 9 மதிப்பெண். இடஞ்சார்ந்த பெருமம் (அருகிலுள்ள புள்ளிகளைவிட உயர்ந்த மதிப்பு) கேட்ட ஒரு வினாவுக்கு நான் எண்கோட்டில் மிகை, குறை அடையாளங்களை இட்டு விடையை எழுதி முடித்தேன். குறிப்போடு ஒப்பிட்டபோது அந்த அடையாளப் படத்துக்கு மதிப்பெண்ணே இல்லை என்று தெரிந்தது. "இந்தப் புள்ளியில் வகைக்கெழு மிகையிலிருந்து குறைக்கு மாறுகிறது, ஆகவே பெருமம்" என்று வாக்கியமாக எழுத வேண்டும். 0/0 வடிவில் வரும் எல்லையைக் காண லோபிதால் விதியைப் பயன்படுத்தும் முன், தொகுதியின் எல்லையும் பகுதியின் எல்லையும் தனித்தனியே பூச்சியம் என்று காட்ட வேண்டும். சமக்குறிக்கு அடுத்து 0/0 என்று எழுதுவது பிழை. நான் அப்படித்தான் இத்தனை காலமும் எழுதி வந்திருக்கிறேன். விடை வந்தால் போதும் என்று பழகிய கைக்கு, காரணத்தை எழுதுவது புதிதாகத்தான் இருந்தது. ஜூலை முழுவதும் நாங்கள் செய்த வேலை பெரும்பாலும் இதுவே.

பெரிய சறுக்கல் ஓர் அட்டவணைக் கணக்கில் நேர்ந்தது. தொட்டியில் நீர் விழும் வேகம் 0, 2, 5, 9 ஆகிய நிமிடங்களில் முறையே நிமிடத்துக்கு 10, 14, 20, 16 லிட்டர் என்று கொடுத்து, மொத்த நீரைச் சரிவக முறையில் மதிப்பிடும்படி மகளுக்கு நானே ஒரு கணக்கு அமைத்தேன். மனப்பாடமாக இருந்த சூத்திரத்தில் இடைவெளி 3 என்று போட்டு 141 லிட்டர் என்றேன். "அப்பா, இடைவெளிகள் சமமாகவே இல்லையே" என்று சொல்லிவிட்டு, அவள் மூன்று சரிவகங்களையும் தனித்தனியே வரைந்து 24, 51, 72 எனக் கூட்டி 147 லிட்டர் என்று காட்டினாள். அலகைக்கூட அவள் மறக்கவில்லை.

ஆகஸ்டில் தொடங்கிய முடிவிலித் தொடர்கள் இருவருக்குமே புதியவை. தொடர் குவிகிறதா (கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்குகிறதா) விரிகிறதா என்று சோதிக்கும் முறைகள் என் பிளஸ் டூ பாடத்தில் இருந்ததில்லை. ஆகவே சூத்திரத்தை விட்டுவிட்டு எக்செல்லில் 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போகும் தொடரின் 100 உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினோம். பையின் (π) மதிப்பை அது நெருங்க வேண்டும். 3.1316 தான் வந்தது. இரண்டாவது தசம இடமே தவறு. விட்டுப்போன முதல் உறுப்பைவிடப் பிழை சிறியது என்ற மாறுகுறித் தொடர் விதிப்படி பிழை 4/201-க்குள், அதாவது சுமார் 0.02-க்குள் இருக்க வேண்டும். உண்மைப் பிழை 0.01. இந்தத் தொடரைக் கண்டவராகச் சொல்லப்படும் கேரளத்துக் கணிதவியலாளர் சங்கமகிராம மாதவரின் மரபினர் அதற்கு ஒரு திருத்தமும் வைத்திருந்தார்கள். அதன் எளிய வடிவப்படி, கூட்டிய உறுப்புகளின் எண்ணிக்கை 100 என்றால், நான்கால் பெருக்கிய விடையோடு 1/100-ஐச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் 3.1415929 என்று வந்தது. ஆறு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் பையின் மதிப்பேதான். அன்று மாலை நாங்கள் வேறு எதையும் படிக்கவில்லை.

இப்போது, அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதத்தை வைத்துத் தொடர் குவிகிறதா என்று பார்க்கும் விகிதச் சோதனை வரை வந்திருக்கிறோம். எந்தெந்த x மதிப்புகளுக்குத் தொடர் குவியும் என்று காட்டும் குவியும் இடைவெளியின் இரு முனைகளையும் தனியே சோதிக்க அவளும் மறக்கிறாள், நானும் மறக்கிறேன். துருவ ஆயங்களை இன்னும் தொடவில்லை. பள்ளி திறக்க ஒன்பது நாட்களே இருப்பதால், அவற்றை வகுப்பிலேயே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.