வாஷ்கேர் லேபிளும் பத்தாம் வகுப்பு ஆங்கிலமும்

2013ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் எனக்கு 27 மதிப்பெண். மற்ற நான்கு பாடங்களிலும் தேர்ச்சி. அந்த வருடம் காங்கேயம் பக்கம் மழையே இல்லை. அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் மாடு கடிக்கப் புல் இல்லாமல் கிளுவை வேலி மட்டும் காய்ந்து நின்றது. துணைத்தேர்வு எழுதலாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை. அடுத்த மாதமே எங்கள் ஊருக்கு வந்துபோகும் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிட்டேன்.

முதலில் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டினேன், பிறகு தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி, அதன் பிறகு செக்கிங். திருமணமாகித் திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்தேன். வேலையில் குறை சொல்ல யாருக்கும் நான் இடம் வைத்ததில்லை. ஆனாலும் க்யூ.சி. என்னும் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு ஆள் எடுத்தபோது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எனக்கு இரண்டு ஆண்டு பின்னால் வந்து, துணியில் ஓட்டை எங்கே விழும் என்பதை என்னிடம் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு அந்த வேலை போயிற்று. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று இரவே பெட்டியைத் திறந்து பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்தேன்.

முதல் தடுமாற்றம் விண்ணப்பத்தில் வந்தது. பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு கணினி மையத்தில் கேட்டபோது, பள்ளியில் போய் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வந்தால் தாங்களே பதிவு செய்து தருவதாகச் சொன்னார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தேன். திரும்பி வந்து விசாரித்தால், அது தேவையே இல்லை. தனித்தேர்வர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையத்துக்கு நேரில் போய்த்தான் பதிய வேண்டும். அதற்குள் கடைசி நாள் தாண்டிவிட்டது. கூடுதல் பணம் கட்டிப் பதிவு செய்யும் தட்கல் வசதி ஒன்று இருப்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மார்ச் தேர்வு கையைவிட்டுப் போனது. ஜூலை துணைத்தேர்வுக்குத்தான் எழுத முடிந்தது. இதைப் படிப்பவர்களில் யாராவது தனித்தேர்வராக இருந்தால், தேர்வுக்குப் பல மாதம் முன்பே செய்தித்தாளில் வரும் அறிவிப்பைப் பார்த்து வையுங்கள். சேவை மையத்தைத் தவிர வேறு யார் சொல்வதையும் கேட்டு அலையாதீர்கள்.

நான் படித்த காலத்தில் ஆங்கிலம் இரண்டு தாள். இப்போது ஒரே தாள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாடப்புத்தகமும் 2019ஆம் ஆண்டிலேயே மாறிவிட்டது. எதிர் வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்துப் பத்துக்குப் போகிறவள். பள்ளியில் அக்காக்களிடமிருந்து புத்தகத்தையும் பழைய வினாத்தாள்களையும் வாங்கி வந்து தந்தாள். புத்தகத்தைப் புரட்டியதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏழு உரைநடை, ஏழு செய்யுள், ஏழு துணைப்பாடம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து இதையெல்லாம் எப்போது மனப்பாடம் செய்வது? முதல் இரண்டு வாரம் செய்தேன். பழைய பழக்கம்தானே. கட்டுரையை வரிவரியாக உருப்போட்டேன். மூன்றாவது வாரம் ஒப்பித்துப் பார்த்தால் நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போய், அதற்குப் பின்னால் இருந்தது மொத்தமும் மறந்திருந்தது. 2013இல் நான் தோற்றதும் இப்படித்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. அப்போதும் பொருள் தெரியாமல் ஒலியைத்தான் உருப்போட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வினாத்தாளை எடுத்துக்கொண்டேன். செக்கிங்கில் ஒரு பண்டல் வந்தால் முதலில் எண்ணிப் பார்ப்போம். அதுபோல மதிப்பெண்களை எண்ணினேன். கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழை திருத்தம் ஆகிய ஆறில் நான்கு எழுதினால் 20. இலக்கணத்தில் ஐந்தில் மூன்றுக்கு 6. வழிகாட்டும் வரைபடத்துக்கு 2. கொடுத்திருக்கும் பத்தியைப் படித்து விடை எழுத 8. கூட்டினால் 36 வருகிறது. இவற்றில் எதற்கும் பாடத்தை உருப்போட வேண்டியதில்லை. தேர்ச்சிக்கு வேண்டியது 35.

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் விட்டுப்போனது. பாடத்தைப் படிக்காமல் விடலாம் என்று சொல்லவில்லை. மனப்பாடச் செய்யுளுக்கு 5 மதிப்பெண் இருக்கிறது, அதை விடவே கூடாது. ஒரு மதிப்பெண் பகுதியில் சொற்பொருளும் எதிர்ச்சொல்லும் பாடத்திலிருந்துதான் வருகின்றன. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது: சொந்தமாக ஒரு ஆங்கில வாக்கியம் எழுதத் தெரிய வேண்டும்.

அந்த வாக்கியம் என் மேஜை மேலேயே கிடந்தது.

செக்கிங்கில் துணியின் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்ப்பதோடு லேபிளும் பார்ப்போம். சைஸ் லேபிள் சரியா, உள்பக்கம் இடுப்புக்கு மேலே, எப்படித் துவைப்பது என்று சொல்லும் வாஷ்கேர் லேபிள் தைத்திருக்கிறதா என்று ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் புரட்டுவோம். பதினோரு ஆண்டுகளாக அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன், ஒருநாளும் படித்ததில்லை. ‘டூ நாட் பிளீச்.’ ‘வாஷ் டார்க் கலர்ஸ் செபரேட்லி.’ ‘டூ நாட் அயர்ன் ஆன் பிரின்ட்.’ குழந்தைகளின் இரவு உடையில் ‘கீப் அவே ஃப்ரம் ஃபயர்.’ எல்லாம் முழு வாக்கியங்கள். பொருள் ஏற்கெனவே தெரிந்த வாக்கியங்கள். சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டு, அச்சுப் பிழையால் ஒதுக்கிய லேபிள்களை வாங்கிக்கொண்டேன். கோடு போடாத நோட்டில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, கீழே அதே வாக்கியத்தைப் பார்க்காமல் எழுதிப் பழகினேன்.

எழுதிப் பார்த்தபோதுதான் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று விளங்கியது. காலர், ஸ்லீவ், பாக்கெட், பட்டன், ஷிப்மென்ட், ரிஜெக்ட் என்று நாள் முழுவதும் வாயில் இருக்கும் சொற்களே இருநூறுக்கு மேல் தேறின. எழுத்துக்கூட்டல்தான் தெரியவில்லை. லேபிள் என்பதற்குக் கடைசியில் ‘எல், இ’ என்று போட்டிருந்தேன், ‘இ, எல்’ என்று வர வேண்டும். ‘பீஸ்’ என்றதும் அமைதிக்கு உரிய எழுத்துகளைப் போட்டேன். நாங்கள் எண்ணும் பீஸுக்கு எழுத்துகள் வேறு. எதிர் வீட்டுப் பெண் சிவப்புப் பேனாவால் சுழித்துக் காட்டினாள். ‘அக்கா, ஒலி ஒன்றுதான், எழுத்து இரண்டு’ என்று அவள் சொன்னதை அந்தப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

செயப்பாட்டு வினை எனக்குப் பள்ளியில் கடைசிவரை ஏறாத பாடம். ‘மேட் இன் இந்தியா’ என்ற லேபிளை வைத்துத்தான் அது ஏறியது. இந்தியாவில் செய்யப்பட்டது. யார் செய்தார்கள் என்று அதில் இல்லை. தைத்தவர், பிசிறு வெட்டியவர், பேக்கிங் செய்தவர் யாரும் இல்லை. பொருள் முன்னால் வந்து நிற்கிறது, செய்தவர் பின்னால் போய்விடுகிறார். தமிழில் ‘படு’ சேர்ப்பதை ஆங்கிலத்தில் ‘ஈஸ்’, ‘வாஸ்’ சேர்த்து, வினையின் மூன்றாவது வடிவத்தைப் போட்டுச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். கட்டளை வாக்கியம் என்றால் ‘லெட்’ வைத்துத் தொடங்க வேண்டும். டூ நாட் பிளீச் இட் என்பது ‘லெட் இட் நாட் பி பிளீச்ட்’ ஆகும். நோட்டில் இருந்த லேபிள்களை எல்லாம் இப்படி மாற்றி எழுதினேன். நாலு இரவு ஆனது.

பிழை திருத்தத்தில் அடிக்கடி வருவது ‘ஏ’யா ‘ஆன்’ஆ என்பது. இதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பார்ப்பேன். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ‘ஆன்’, மெய்யாகவோ உயிர்மெய்யாகவோ இருந்தால் ‘ஏ’. எம்.எல்.ஏ. என்பதில் முதலில் ‘எ’ வருகிறது, ஆகவே ‘ஆன் எம்.எல்.ஏ.’ யூனிவர்சிட்டியில் முதலில் ‘யூ’ வருகிறது, ஆகவே ‘ஏ யூனிவர்சிட்டி.’ மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் ‘எச்’ எழுதினாலும் ‘அவர்’ என்றுதான் ஒலிக்கிறது, அதனால் ‘ஆன்.’ ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒன் ரூபாய் என்று நாம் ‘ஒ’ போட்டு எழுதுகிறோம், அதன் உண்மையான ஒலி ‘வன்’, ஆகவே ‘ஏ.’ இதை எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொன்னபோது அவள் தன் புத்தகத்தில் இருந்த எல்லா வினாக்களிலும் போட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக வருகிறது என்று ஓடிவந்து சொன்னாள். இவ்வளவு எளிய வழி பள்ளியில் அன்று எனக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று இப்போதும் ஆதங்கமாக இருக்கிறது.

வரைபடம் இரண்டே மதிப்பெண்தான், ஆனால் நான் அதிகம் தடுமாறியது அதில்தான். எங்கள் ஊரில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று வழி சொல்லிப் பழக்கமில்லை. மேற்கே போய் வடக்கே திரும்பு என்போம். அடுப்படியில் சொம்பு எடுக்கச் சொன்னால்கூடத் தெற்குப் பக்கம் இருப்பதை எடு என்போம். தேர்வில் ‘லெப்ட்’, ‘ரைட்’ எழுத வேண்டும், அதுவும் நடந்து போகிறவர் பார்வையில். கீழ்நோக்கி வருகிற பாதையில் எனக்கு எல்லாம் மாறிப்போகும். கம்பெனி பஸ்ஸில் போகும்போது அவிநாசி சாலையில் காந்தி நகரிலிருந்து புஷ்பா தியேட்டர் ஸ்டாப் வரை ஒவ்வொரு கடையையும் எந்தப் பக்கம் வருகிறது என்று மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவேன். மாலையில் திரும்பி வரும்போது அதே கடை மறுபக்கம் வரும். ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், யாரும் சொல்லித்தராத விஷயம் அது. என் கை எழுதுவதை மறந்திருந்தது. பதினோரு ஆண்டு பிசிறுக் கத்தரி பிடித்த கை. பேனா பிடித்து அரைப் பக்கம் எழுதுவதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகும். முதலில் ஒரு கடிதம் எழுத எனக்கு 35 நிமிடம் ஆனது. மூன்று மணி நேரத் தேர்வில் அப்படி எழுதினால் பாதித் தாளைக்கூடத் தொட முடியாது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதைக் குறைத்து, வாரத்தில் மூன்று நாள் ஒரு ஷிப்டோடு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமைச் சம்பளம் குறைந்தது. அத்தைக்கு முதலில் அது பிடிக்கவில்லை. ஒருநாள் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், கடிகாரத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ‘நீ எழுது கண்ணு, நான் நேரம் சொல்கிறேன்’ என்றார். அன்றிலிருந்து அடுப்பு அவர் பொறுப்பு. ஜூன் கடைசியில் கடிதம் 12 நிமிடத்துக்கு வந்திருந்தது.

கடிதத்துக்கு ஒரு குறிப்பு: அனுப்புநர், பெறுநர், தேதி, விளிப்பு, பொருள், முடிப்பு, உறை மேல் முகவரி என்ற சட்டகத்துக்கே மதிப்பெண் உண்டு. உள்ளே நான்கு வாக்கியம் பிழையில்லாமல் இருந்தால் போதும். பெரிய வாக்கியம் எழுத ஆசைப்பட்டுப் பிழை விடுவதைவிடச் சின்ன வாக்கியம் மேல். படத்துக்கும் இதேதான். நாட்காட்டியில் இருந்த காங்கேயம் காளைப் படத்தை வைத்துப் பழகினேன். தேர் ஈஸ் ஏ புல். இட் ஈஸ் ஸ்டாண்டிங் அண்டர் ஏ ட்ரீ. ஐந்து வாக்கியம் சேர்ந்தால் விடை ஆயிற்று.

தேர்வன்று காலை 9 மணிக்கே மையத்துக்குப் போய்விட்டேன். பெரும்பாலும் மீசை முளைக்காத பையன்கள். என்னைப் பார்த்து ஒருவன் எழுந்து, டீச்சர் என்று நினைத்து வணக்கம் சொன்னான். என் கையில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான். 10 மணிக்கு வினாத்தாள். முதல் பத்து நிமிடம் படிக்க மட்டும், அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15க்கு எழுதத் தொடங்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் பாடக் கேள்விகளைப் பார்க்கவே இல்லை. 36 மதிப்பெண் எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். பிழை திருத்தம், கடிதம், படம், விளம்பரம் என்று அவற்றை முதலில் எழுதினேன். வரைபடம் வந்ததும் வினாத்தாளை மெல்லத் திருப்பி, நடக்கிற திசைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எழுதினேன். கண்காணிப்பாளர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார். 12 மணிக்குப் பாடங்களுக்கு வந்தபோது கை வலித்தது, மனம் வலிக்கவில்லை. தெரிந்த கதையை என் சொந்த வாக்கியத்தில் எழுதினேன். நேரம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது பேனாவை வைத்தேன்.

முடிவு வந்த அன்று மதிய உணவு இடைவேளையில் சூப்பர்வைசர் அக்காவின் கைப்பேசியில் பார்த்தோம். 54. அக்காதான் முதலில் அழுதார்.

க்யூ.சி. மேஜைக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. தினமும் மாலை ஆங்கிலத்தில் அரைப் பக்க அறிக்கை எழுதுகிறேன். லேபிள் நோட்டு இப்போது எதிர் வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது, மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு. எங்கள் செக்கிங் மேஜையில் இன்னும் இரண்டு பேருக்கு ஆங்கிலம் பாக்கி. சென்ற வாரம் அரை நாள் விடுப்புப் போட்டு அவர்களைச் சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். ஒருத்திக்குப் பழைய பட்டியலில் அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு வரும் திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம். கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.