ஒரே பணியிடம், மூன்று விடைகள்

பணியிடங்களில் நிலவும் தொழிலுறவுகளையும் பணி நிலைமைகளையும் அளந்து பதிவு செய்யும் பெரிய ஆய்வுகளின் அறிக்கைகளைச் சில காலமாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் என் கவனம் பெரும்பாலும் விழுக்காடுகளில் நிற்பதில்லை. அந்த விழுக்காடுகள் யாருடைய வாயிலிருந்து வந்தன என்பதிலேயே நிற்கிறது. ஒரு பணியிடத்தைப் பற்றி யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யும்போதே கிடைக்கப்போகும் விடையில் பாதி முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து. ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனால் அறிக்கை செய்தியாக மாறும்போது முதலில் காணாமற்போவது இந்த விவரம்தான்.

தொழிலாளியிடமே கேட்டு எழுதும் முயற்சி புதிதன்று. 1880 ஏப்ரலில் பிரெஞ்சு சோசலிச இதழ் ஒன்று, கார்ல் மார்க்ஸ் தயாரித்த ஏறத்தாழ நூறு வினாக்களைக் கொண்ட வினாநிரலை வெளியிட்டது. பட்டறையின் காற்றோட்டம், விபத்துகள், வேலை நேரம், கூலி தரும் முறை, வேலைநிறுத்தங்கள் என்று அது எதையும் விட்டுவைக்கவில்லை. இருபத்தையாயிரம் படிகள் தனியே அச்சிட்டு அனுப்பப்பட்டன. திரும்பி வந்த விடைகளோ மிகச் சில. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நாள் முழுவதும் உடலுழைப்பில் கழித்த ஒருவர், இரவில் உட்கார்ந்து நூறு வினாக்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கேட்பவருக்கு எளிதாகவும் சொல்பவருக்குச் சுமையாகவும் அமைந்த வினாநிரல்கள் இன்றும் இதே முடிவைத்தான் சந்திக்கின்றன.

அதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1980இல், பிரிட்டனில் பணியிடத் தொழிலுறவு ஆய்வு வரிசை தொடங்கியது. 1984, 1990, 1998, 2004, 2011 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த சுற்றுகள் நடந்தன. ஆய்வின் அலகு தொழிலாளியும் அல்ல, நிறுவனமும் அல்ல. ஒரு முகவரியில் இயங்கும் பணியிடம் என்பதே அதன் தனித்தன்மை. ஒரே வங்கியின் இரு கிளைகள் இங்கே இரு பணியிடங்கள். முதல் மூன்று சுற்றுகளில் குறைந்தது 25 பேர் வேலை செய்யும் இடங்கள் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1998இல் அந்த எல்லை 10 ஆகவும் 2004இல் 5 ஆகவும் இறங்கியது. இதனால் 1980ஆம் ஆண்டின் எண்ணையும் 2011ஆம் ஆண்டின் எண்ணையும் அப்படியே அருகருகே வைப்பவர், இரு வேறு கூட்டங்களை ஒப்பிடுகிறார்.

தொடக்கத்தில் இந்த ஆய்வு மேலாளரிடமும் தொழிலாளர் பிரதிநிதிகளிடமும் மட்டுமே பேசியது. ஊழியர்களுக்கென்று தனி வினாநிரல் 1998இல்தான் சேர்ந்தது. ஒவ்வொரு பணியிடத்திலிருந்தும் அதிகபட்சம் 25 பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆஸ்திரேலியாவில் இதே வகை ஆய்வு 1990இலும் 1995இலும் நடந்தது. ஊழியர்களிடம் நேரே கேட்டது இரண்டாவது முறைதான். பிரான்சில் தொழிலமைச்சகத்தின் புள்ளியியல் பிரிவு நடத்தும் ஆய்வு 1992–93இல் தொடங்கியது. அங்கும் ஊழியர்கள் 1998–99 சுற்றில்தான் இடம்பெற்றார்கள். மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்த மாற்றம் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தொழிலாளிகள் சார்பில் தொழிற்சங்கம் பேசும் என்ற எதிர்பார்ப்பு இருந்த வரை, சங்கச் செயலாளரிடம் கேட்டால் போதும் என்று கருதப்பட்டது. சங்கம் இல்லாத பணியிடங்கள் பெருகியபோது, கேட்பதற்கு அங்கே தொழிலாளியைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

மூன்று தரப்பிடமும் கேட்பதன் பயன், மூவரின் விடைகளையும் கலந்து ஒரு சராசரி காண்பதில் இல்லை. விடைகள் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதில்தான் இருக்கிறது. "முக்கியமான மாற்றங்களைச் செய்வதற்கு முன் ஊழியர்களைக் கலந்தாலோசிக்கிறோம்" என்று மேலாளர் சொல்கிறார். பிரதிநிதி, "தகவல் சொல்கிறார்கள், ஆலோசனை கேட்பதில்லை" என்கிறார். ஊழியரோ அப்படி ஒரு கூட்டம் நடந்ததையே அறியாதவராக இருக்கிறார். இவர்களில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய தேவை இல்லை. மேலாளர் சொல்வது நடைமுறை ஏட்டில் உள்ளது; பிரதிநிதி சொல்வது கூட்ட மேசையில் நடந்தது; ஊழியர் சொல்வது தன்னை வந்தடைந்தது. பிரிட்டன் ஆய்வு ஊழியர்களிடம் இதையே மூன்றாகப் பிரித்துக் கேட்டது: மேலாளர்கள் உங்கள் கருத்தைக் கேட்கிறார்களா, ஆலோசனைக்குப் பதில் அளிக்கிறார்களா, இறுதி முடிவில் உங்கள் சொல்லுக்கு இடம் தருகிறார்களா? மூன்றாவதற்குக் கிடைத்த மதிப்பீடு மற்ற இரண்டையும்விடக் குறைவாகவே இருந்தது. "கலந்தாலோசனை உண்டா" என்று ஒரே வினாவாகக் கேட்டிருந்தால் இந்த இறக்கம் கண்ணில் பட்டிருக்காது.

வினாவை அமைக்கும் விதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குறைதீர்ப்பு நடைமுறை இருக்கிறதா என்று கேட்டால், எழுதப்பட்ட விதித் தொகுப்பு உள்ள எந்த மேலாளரும் ஆம் என்பார். கடந்த பன்னிரண்டு மாதங்களில் அதைப் பயன்படுத்தி யாராவது முறையிட்டார்களா என்பது வேறு வினா; முறையிட்டவர் இன்னும் அங்கே வேலை செய்கிறாரா என்பது அதனினும் வேறு. முறையீடே வராத பணியிடத்தை என்னவென்று கொள்வது? குறையே இல்லாத இடமாகவும் இருக்கலாம், வாய் திறக்க அஞ்சும் இடமாகவும் இருக்கலாம். அந்த ஒற்றைச் சுழியத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஊழியர் வினாநிரலில் "மேலதிகாரியிடம் ஒரு பிரச்சினையைத் தயக்கமின்றி எடுத்துச் சொல்ல முடியுமா" என்பது போன்ற ஒரு வினா உடனிருந்தால் மட்டுமே அந்தச் சுழியத்துக்குப் பொருள் கிடைக்கும்.

மனநிறைவு பற்றிய வினாக்களை நான் சற்று ஐயத்துடனேயே படிப்பேன். வேலை பிடிக்காதவர்களில் பலர் ஏற்கெனவே விலகிப் போயிருப்பார்கள். ஆய்வாளர் சந்திப்பது எஞ்சியவர்களை. எஞ்சியவர்களும் காலப்போக்கில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு மாறாக, வேலையின் கூறுகளைக் கேட்கும் வினாக்கள் உறுதியானவை. வேலையின் அழுத்தம் ஒருபுறம், அதைச் செய்யும் முறையைத் தானே தீர்மானிக்கும் உரிமை மறுபுறம் என்று வைத்து, அழுத்தம் மிகுந்து உரிமை குறைந்த வேலையே உடல்நலத்தை அதிகம் குலைக்கிறது என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த விளக்கம் இன்றைய வினாநிரல்கள் பலவற்றின் அடித்தளமாக இருக்கிறது. பிரிட்டனில் "என் வேலை மிகக் கடுமையாக உழைக்கக் கோருகிறது" என்பதை அழுத்தமாக ஒப்புக்கொண்ட ஊழியர்கள் 2004இல் 27 விழுக்காடு, 2011இல் 34 விழுக்காடு. மனநிறைவு கூடியதா குறைந்ததா என்ற வாதத்தைவிட இந்த ஏழு விழுக்காட்டுப் புள்ளிகள் எனக்கு அதிகம் சொல்கின்றன.

அறிக்கைகளைப் படிப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. எடுத்துக்காட்டாக நூறு பணியிடங்கள் உள்ளன என்று கொள்வோம். அவற்றில் 90 இடங்களில் பத்துப் பத்துப் பேர், 10 இடங்களில் 210 பேர் வீதம் வேலை செய்கிறார்கள். பெரிய பத்து இடங்களில் மட்டும் தொழிற்சங்கம் உண்டு. இப்போது "பணியிடங்களில் 10 விழுக்காட்டில் மட்டுமே சங்கம் இருக்கிறது" என்பதும் உண்மை. "தொழிலாளர்களில் 70 விழுக்காட்டினர் சங்கம் உள்ள இடத்தில் வேலை செய்கிறார்கள்" என்பதும் உண்மை. தரமான அறிக்கைகள் இரண்டையும் தனித்தனியே தரும். ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் தங்கள் வாதத்துக்கு ஏற்ற ஒன்றை எடுத்துக்கொண்டு, எதன் விழுக்காடு என்பதை விட்டுவிடுவார்கள். எந்தக் கட்டுரையிலும் "விழுக்காடு" என்ற சொல்லுக்கு முன்னால் பணியிடமா ஆளா என்று தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நீண்ட வரிசையாக நடத்தப்படும் ஆய்வின் மதிப்பை விளக்க ஒரு செய்தி போதும். குறைந்தது 25 பேர் உள்ள பிரிட்டன் பணியிடங்களில் தொழிற்சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்திருந்தவை 1984இல் 66 விழுக்காடு, 1990இல் 53, 1998இல் 42. இந்த மூன்று எண்களை மட்டும் பார்ப்பவர், நிர்வாகங்கள் வரிசையாக அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றன என்றே எண்ணுவார். ஆனால் 1990இல் பார்த்த அதே பணியிடங்களில் ஒரு பகுதிக்கு 1998இல் திரும்பச் சென்று கேட்டபோது தெரிந்தது வேறு: தொடர்ந்து இயங்கிய இடங்களில் பெரிய மாற்றம் இல்லை. பழைய இடங்கள் மூடப்பட்டு, புதிதாகத் தோன்றியவை சங்கத்தை அங்கீகரிக்காமலே தொடங்கியதுதான் சரிவின் முதன்மைக் காரணம். ஒவ்வொரு முறையும் புதிய மாதிரியை மட்டும் எடுத்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. கைவிடப்பட்ட உரிமைக்கும் தொடங்கவே இல்லாத உரிமைக்கும் ஒரே மருந்து பயன்படாது என்பதால், கொள்கை வகுப்பவர்களுக்கு இது சிறிய வேறுபாடும் அன்று.

இந்த முறையின் பெரிய பலவீனம் வாசலிலேயே இருக்கிறது. பணியிடத்துக்குள் நுழைய மேலாளர் இசைய வேண்டும். அவர் மறுத்தால் ஊழியர்களும் ஆய்விலிருந்து மறைந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 1998இல் அணுகப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு பங்கேற்றன. 2004இல் 64, 2011இல் 46. மறுத்தவை எப்படிப்பட்ட இடங்கள் என்பதை அளவு, துறை, பகுதி ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு ஈடுசெய்து கணக்கிடுகிறார்கள். ஒரே அளவும் ஒரே துறையும் கொண்ட இரு இடங்களில், ஆய்வாளருக்குக் கதவைத் திறக்கும் இடமும் திறக்காத இடமும் ஊழியரை நடத்தும் விதத்தில் ஒன்றுதான் என்று நம்புவது எனக்குக் கடினம்.

இதைத் தவிர்க்க வேறொரு வழி, பணியிடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குச் சென்று கேட்பது. 1975இல் உருவாக்கப்பட்டு டப்ளினில் இயங்கும் யூரோஃபவுண்ட் என்ற ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம், பணி நிலைமைகள் பற்றிய தன் ஆய்வை 1990களின் தொடக்கத்திலிருந்து அப்படித்தான் நடத்தியது. பெருந்தொற்றினால் 2021இல் தொலைபேசிக்கு மாறியது. வீட்டில் பேசும்போது மேலாளரின் நிழல் விழுவதில்லை. சிறு கடையில் வேலை செய்பவரும், தானே தொழில் செய்பவரும், முறையான பதிவு இல்லாதவரும் கிடைக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் மேலாளர் என்ன சொன்னார், பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொன்னார் என்பது தெரியாது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கத்தான் வேண்டியிருக்கிறது. எங்கே கேட்கலாம் என்று என்னைக் கேட்டால், பணி நிலைமைக்கு வீட்டையும், தொழிலுறவுக்குப் பணியிடத்தையும் தேர்ந்தெடுப்பேன். உறவு என்பதை ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுத முடியாது.

இரண்டு முறைகளும் சேர்ந்தாலும் எளிதில் பிடிபடாதவர்கள், ஓரிடத்தில் உழைத்து வேறிடத்தில் சம்பளம் பெறுபவர்கள். ஒப்பந்ததாரர் வழியே வரும் துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் தாங்கள் நாள் முழுவதும் நிற்கும் கட்டடத்தின் ஊழியர் பட்டியலில் இல்லை; குலுக்கலில் அவர்கள் பெயர் வரவே வராது. அவர்கள் பெயர் உள்ள ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் அவர்கள் வேலை செய்வதில்லை. அவர்களைப் பற்றி மேலாளரிடம் கேட்கப்படுவதெல்லாம் "எந்தெந்தப் பணிகளை வெளியாருக்கு ஒப்படைத்திருக்கிறீர்கள்" என்ற அளவில் நின்றால், அவர்கள் அங்கே ஒரு சேவையாகப் பதிவாகிறார்கள், ஆளாகப் பதிவாவதில்லை. குலுக்கலுக்கு ஊழியர் பட்டியலை வாங்கும்போதே, சென்ற வாரம் அந்த வளாகத்தில் உழைத்தும் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு அன்றன்று வேலை சொன்னவர் யார் என்ற இரண்டு வினாக்களையும் கேட்டு, அவர்களிலிருந்தும் சிலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் யோசனை. செலவு கூடும், மேலாளர்களின் இசைவு இன்னும் குறையவும் கூடும்.