மல்டிகன்: முதலில் தோட்டா, அப்புறம் துப்பாக்கி

ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் சுட வேண்டிய மல்டிகன் போட்டியில் இறங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த ரைஃபிள் வாங்கலாம்?' என்பதுதான். உண்மையில் மூன்று துப்பாக்கிகளிலும் தலைவலி குறைவானது ரைஃபிள்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: எந்தத் தோட்டாவை இந்த சீசன் முழுக்கச் சுடப் போகிறீர்கள்? ரைஃபிளை இயக்கும் கேஸின் (வாயுவின்) அளவு, பிஸ்டலின் ஸ்பிரிங், ஷாட்கன் பேரலின் முனையைக் குறுக்கும் சோக் எல்லாமே ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்குத்தான் ட்யூன் ஆகும். தோட்டாவை மாற்றினால் செய்த வேலையெல்லாம் வீண். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், நீங்கள் சுடப்போகும் டிவிஷனின் (போட்டிப் பிரிவின்) விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஸ்கோப் போன்ற ஆப்டிக் எத்தனை அனுமதி, பிஸ்டல் மேகசின் எவ்வளவு நீளம் இருக்கலாம், ஷாட்கனில் தொடக்கத்தில் எத்தனை ஷெல் (ஷாட்கன் தோட்டா) இருக்கலாம் என்பதெல்லாம் டிவிஷனுக்கு டிவிஷன் மாறும். இரும்பு உள்ளகம் கொண்ட ரைஃபிள் தோட்டாக்களுக்குப் பெரும்பாலான போட்டிகளில் தடை உண்டு. காந்தத்தை வைத்துச் சோதிப்பார்கள். மொத்தமாக வாங்குவதற்கு முன் நீங்களே ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தோட்டாவின் வலுவை அளக்கும் பவர் ஃபேக்டர் கணக்கு எளிது. புல்லட்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பான யுஎஸ்பிஎஸ்ஏ விதிப்படி பிஸ்டலில் மைனர் எனும் குறைந்த வலு வகைக்கு 125 தேவை. 124 கிரெயின் புல்லட் 1050 அடி வேகத்தில் போனால் 130.2 வரும். 126-க்கு ட்யூன் செய்து வைப்பது ஆபத்து. குளிரான காலையில் வெடிமருந்து மெதுவாக எரிந்து வேகம் குறைந்தால், வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் முன்னால் நின்று மாட்டிக்கொள்வீர்கள். 130-ஐ ஒட்டி வையுங்கள். அந்த நாலைந்து புள்ளிக்குக் கூடும் உதைப்பு கைக்குத் தெரியவே தெரியாது.

இனி ஷாட்கன். ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்றில்) நேரம் கரைவதும் இதில்தான், துப்பாக்கி மக்கர் செய்வதும் இதில்தான். பணத்தையும் பயிற்சியையும் முதலில் இதில் போடுங்கள்.

12 கேஜ் செமி-ஆட்டோவில் இரண்டு வழி இருக்கிறது. பெனெல்லி எம்2 இனர்ஷியாவில், அதாவது உதைப்பின்போது எழும் நிலைமத்தில் இயங்குவது. பெரெட்டா 1301 கேஸில், அதாவது மருந்து எரிந்து வரும் வாயுவின் அழுத்தத்தில் இயங்குவது. இனர்ஷியா துப்பாக்கி சுத்தமாகவே இருக்கும், பாகங்களும் குறைவு. ஆனால் சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் நகர்ந்தால்தான், தோட்டா அறையை மூடும் பாகமான போல்ட் இயங்கும். நீண்ட மேகசின் குழாய், பக்கவாட்டில் ஷெல் ஹோல்டர், விளக்கு என்று எடையைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த நகர்வு குறையும். லேசான ஷெல்லில் போல்ட் பாதி தூரத்திலேயே நின்றுவிடும். 'கடையில் வாங்கியபோது நன்றாக ஓடியதே' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எதையெல்லாம் மாட்டப் போகிறீர்களோ அதையெல்லாம் மாட்டிய பிறகு, உங்களிடம் இருப்பதிலேயே லேசான ஷெல்லைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கேஸ் துப்பாக்கி எடையைப் பற்றி அவ்வளவு கவலைப்படாது, தோளுக்கும் மென்மை. பதிலுக்கு அது கரியைச் சேர்க்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

இனர்ஷியா துப்பாக்கி வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். போல்ட்டை மெதுவாக விட்டு மூடினாலோ, மூடியிருக்கும்போது பின்கட்டை எதிலாவது இடித்தாலோ, போல்ட்டின் தலை முழுதாகத் திரும்பாமல் ஒரு மயிரிழை விலகி நிற்கும். பார்த்தால் தெரியாது. டிரிகரை இழுத்தால் வெறும் 'க்ளிக்'. போல்ட்டை எப்போதும் முழு வேகத்தில் விட்டு மூடுங்கள். தொடக்க நிலையில் நிற்கும்போது போல்ட் கைப்பிடியை உள்ளங்கையால் ஒருமுறை முன்னுக்குத் தள்ளிவிடுங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தப் பிரச்சினை அநேகமாக வராது.

அடுத்து லோடிங். இடுப்புப் பட்டையிலிருந்து நான்கு ஷெல்களை ஒரே பிடியில் எடுத்து, இரண்டிரண்டாக உள்ளே தள்ளுவதுதான் இன்றைய முறை. தொழிற்சாலையிலிருந்து வரும் லோடிங் வாய் இதற்குப் போதாது. வாயின் பின்பக்கத்தை நீட்டி, விளிம்புகளை உருட்டி, டிரிகர் கார்டின் முன்முனையைச் சரிவாக்கி, கட்டைவிரலைக் கடிக்காதபடி, ஷெல்லைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்டரை நீளமானதாக மாற்ற வேண்டும். அரத்தை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்காதீர்கள். ஷெல்லைப் பிடித்து நிறுத்தும் லாட்ச் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டாலும் ஷெல் குழாயில் நிற்காமல் பின்னால் வழுக்கிவரும். தேய்த்த உலோகத்தை யாராலும் திருப்பி வைக்க முடியாது. இந்த வேலையை அடிக்கடி செய்யும் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி மெக்கானிக்கிடம்) கொடுங்கள். வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது: டம்மி ஷெல்லை வாயின் விளிம்பு முழுக்க ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் எங்கே கீறல் விழுகிறதோ அங்கே இன்னும் கூர் இருக்கிறது.

மேகசின் நீட்டிப்பில் பிரச்சினை வருவது மூட்டில்தான். மூலக் குழாயும் நீட்டிப்பும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு படி இருந்தால் போதும், ஷெல்களைத் தள்ளும் ஃபாலோவர் அதில் தட்டி நிற்கும். கடைசி இரண்டு ஷெல்கள் வராது. விரலை உள்ளே விட முடியாது, டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் குழாயைவிடச் சுமார் ஓர் அடி நீளமாக இருக்கட்டும். அதன் வெட்டுமுனை கூராக இருந்தால் உள்ளே சுரண்டும், அதை வளைத்துவிடுங்கள்.

ஷெல்லின் அடிப்பாகம் பித்தளையா இரும்பா என்று கவனியுங்கள். மலிவான ஷெல்களில் அது முலாம் பூசிய இரும்பாக இருக்கும். சூடேறிய சேம்பரில் (தோட்டா அறையில்) அது விரிந்து ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். சேம்பரை வழுவழுப்பாகத் தேய்த்துக் கொடுத்தால் பெருமளவு சரியாகும். அப்படியும் ஒட்டினால் ஷெல்லை மாற்றுவதுதான் வழி.

சோக்கைப் பொறுத்தவரை பெரும்பாலான ஸ்டேஜ்களுக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர் போதும். அதன் குறுக்கம் 12 கேஜில் சுமார் 0.010 அங்குலம். தூரத்தில் இலக்காக உலோகத் தட்டுகள் இருந்தால் மாடிஃபைடு, அதாவது சுமார் 0.020. மிகக் குறுகலான ஃபுல் சோக்கில் ஸ்லக் (ஒற்றைப் பெரிய குண்டு கொண்ட ஷெல்) சுடாதீர்கள். காகிதத்தைத் தொங்கவிட்டு 10, 15, 20, 25 கஜத்தில் அதே ஷெல்லைச் சுட்டு, தட்டின் அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் எத்தனை ஓட்டை இருக்கிறது, எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று பாருங்கள். குண்டுகள் பரவிப் படும் பேட்டர்னின் நடுவே காலி இடம் இருந்தால், நீங்கள் சரியாகக் குறிவைத்தாலும் தட்டு விழாது. சோக் மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவி, ஒவ்வொரு ஸ்டேஜ் முடிந்து துப்பாக்கி காலியானதை உறுதி செய்தபின் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த சோக்கில் ஸ்லக் போனால் பேரலின் வாயே வீங்கிவிடும்.

ஸ்லக்கை 50 கஜத்தில் ஜீரோ செய்யுங்கள் (குறிவைத்த இடத்திலேயே படும்படி குறியைச் சரிசெய்யுங்கள்), போட்டியில் மாட்டப்போகும் அதே சோக்குடன். பிராண்டுக்குப் பிராண்டு அடிபடும் இடம் பல அங்குலம் மாறும் என்பதால், சீசனுக்கு வேண்டியதை ஒரே பிராண்டில் மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது.

ரைஃபிளுக்கு வருவோம். .223 அறை, 18 அங்குல பேரல், ரைஃபிள் நீள கேஸ் குழாய், பேரலின் உள்வரிகளில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு: இந்தச் சேர்க்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 55 கிரெயினும் ஓடும், 77 கிரெயினும் ஓடும். வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கேஸ் பிளாக்கை மாட்டிவிட்டு இப்படிச் செய்யுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே வலுக்குறைந்த தோட்டாவை எடுங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். கேஸை முழுக்கக் குறைத்து வைத்திருந்தால் போல்ட் பின்னால் பூட்டி நிற்காது. ஒரு க்ளிக் திறந்து மறுபடி சுடுங்கள். ஐந்து முறை சுட்டால் ஐந்து முறையும் பூட்டி நிற்கும் இடம் வந்ததும், அதற்குமேல் ஒன்று அல்லது இரண்டு க்ளிக் திறந்து விட்டுவிடுங்கள். அந்த இரண்டு க்ளிக் தூசிக்கும் கரிக்கும் குளிருக்குமான இடம். வெயில் நாளில் சுத்தமான துப்பாக்கியை வைத்து விளிம்பில் ட்யூன் செய்துவிட்டு, மழையும் சேறுமாக இருக்கும் போட்டியில் திணறுவது அடிக்கடி நடக்கிறது. கரி ஏறி அந்த ஸ்க்ரூ இறுகிப்போகும். அவ்வப்போது அசைத்துக் கொடுங்கள், போகும் முன் எத்தனாவது க்ளிக் என்று எழுதி வையுங்கள்.

போல்ட்டைச் சுமந்து நகரும் போல்ட் கேரியர் எடை குறைந்ததாக இருந்தால் குறியை அசையாமல் வைக்கும், உண்மைதான். ஆனால் எடை குறைந்தால் உந்தமும் குறையும், அழுக்கான துப்பாக்கியில் அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து உருவித் தள்ள வலு போதாமல் போகும். முதல் சீசனுக்குச் சாதாரண எடையே போதும் என்பது என் கருத்து.

ஸ்கோப்பை 200 கஜத்தில் ஜீரோ செய்தால் 55 கிரெயின், 3000 அடி வேகத் தோட்டா 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் மேலே அடிக்கும், 300-ல் சுமார் எட்டு அங்குலம் கீழே இறங்கும். கவனம் தேவைப்படுவது கிட்டத்தில். ஸ்கோப்பின் மையம் பேரலுக்கு மேலே 2.6 அங்குலத்தில் இருந்தால், 7 கஜத்தில் குறிக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே படும். சுடக்கூடாத இலக்குக்கு ஒட்டி வைத்த தலை இலக்கில் அந்த இரண்டு அங்குலம் பெனால்டி. தடுப்பின் மேல் சுடும்போதும் ஸ்கோப்பில் பாதை தெளிவாகத் தெரியும், பேரலோ மரப்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூரத்துக்கு 69 அல்லது 77 கிரெயின் வைத்திருப்பவர்கள் அதில் ஜீரோ செய்து, 55 எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மவுண்ட் ஸ்க்ரூக்களைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் இறுக்கி, தலையிலிருந்து உடல்வரை பெயின்ட் கோடு ஒன்று போடுங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

பிஸ்டலில் அதிகம் மெனக்கெட வேண்டாம். ஸ்பிரிங் கனமாக இருந்தால் ஸ்லைடு மூடும்போது முனை கீழே குத்தும், லேசாக இருந்தால் பின்னால் போய் இடிக்கும். முன்குறி எழுந்து அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். கிளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் பிஸ்டலில் ஸ்பிரிங்கைக் குறைத்தால் ஒரு சோதனை கட்டாயம்: துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதி செய்து, முனையை மேலே காட்டி, டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து மெல்ல விடுங்கள். தானாக முழுதும் மூட வேண்டும். மூடாவிட்டால் அந்த ஸ்பிரிங் போதாது. மேகசின்களுக்கு எண் எழுதுங்கள். இரண்டாவது முறை தடங்கல் தந்த எண் பயிற்சிப் பைக்குப் போகட்டும்.

டிரிகரைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. மல்டிகனில் ஒரு துப்பாக்கியைச் சுட்டு முடித்ததும் டம்ப் பேரலில் (சுட்ட துப்பாக்கியைப் போட வைத்திருக்கும் பீப்பாயில்) போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவோம். அந்தத் துப்பாக்கி சேஃப்டி போட்டபடியோ முழுக்கக் காலியாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் போட்டியிலிருந்து வெளியேற்றம். ஆகவே எவ்வளவு லேசு என்பதைவிட, பீப்பாய்க்குள் விழும் அதிர்ச்சியைத் தாங்குமா என்பதே டிரிகருக்கான அளவுகோல். காலித் துப்பாக்கியில் சேஃப்டியைப் போட்டு டிரிகரை பலமாக இழுங்கள், விட்டுவிட்டு சேஃப்டியை எடுங்கள். ஹேமர் விழுந்தால் அந்தத் துப்பாக்கி போட்டிக்கு வரக்கூடாது, நேராக கன்ஸ்மித்திடம் போக வேண்டும். சேஃப்டி லீவர் கையுறை போட்ட விரலுக்கும் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். ஓடிக்கொண்டே அதைத் தேடும் நிலை வந்தால் பெரிய லீவரை மாட்டிக்கொள்ளுங்கள்.