டால்பின் காருக்கு வீட்டிலேயே ஃபைபர் வேலை: மதுரை வெயிலில் ஓர் அனுபவம்

பெங்களூரு சிபானி கம்பெனி 1982-இல் கொண்டுவந்த டால்பின் காரை இன்றைய இளைஞர்கள் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை அடிப்படையாக வைத்துச் செய்தது. இரும்புச் சேஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் கண்ணாடி இழையாலான ஃபைபர் பாடி, 848 சிசி அலுமினிய எஞ்சின், பின்சக்கர இழுவை. குடும்பக் கார் என்றுதான் விற்றார்கள். ஆனால் எடை ரொம்பக் குறைவு என்பதால் ராலி ஓட்டுகிறவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அது பார்த்தது ஸ்போர்ட்ஸ் கார் வேலைதான். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது; அப்புறம் டால்பினைக் கேட்க ஆளில்லை. சின்ன வயதில் அந்தக் காரின் மேல் வந்த ஆசை எனக்குப் போகவே இல்லை.

எனக்குக் கிடைத்தது சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வருஷக்கணக்காக நின்ற வண்டி. ஆர்சி புத்தகம் இருந்தது, சேஸ் நம்பர் அதோடு ஒத்துப்போனது. அது இரண்டும் சரியில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். நாகமலை புதுக்கோட்டையில் வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. வேலை முழுக்க அங்கேதான் நடந்தது.

ஃபைபர் பாடி துருப்பிடிக்காது என்பது உண்மை. அதை நம்பித்தான் பலர் அடியில் எட்டிப் பார்ப்பதே இல்லை. பாடி பளபளவென்று இருக்கும், கீழே சேஸ் உதிர்ந்துகொண்டிருக்கும். அதனால் பாடியைக் கழற்றாமல் செய்யும் வேலையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போல்ட்டுகளில் சில சுற்றின, சிலவற்றை கிரைண்டரால் அறுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடியைக் கையாலேயே தூக்கி மரக்கட்டைகள் மேல் வைத்துவிட்டோம். தகரக் காரில் இதற்குச் செயின் பிளாக் வேண்டும்.

சேஸை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் சேஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தில் கிரீஸ் தடவி, தடித்த டேப்பை நாலைந்து சுற்று ஒட்டினேன். மணல் அடித்து நம்பர் மழுங்கிவிட்டால் பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் பதில் சொல்ல முடியாது. மணல் அடித்து வந்த பிறகுதான் எங்கே ஓட்டை என்று தெரிந்தது. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் வெல்டிங் வைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து வைத்தேன். இது எல்லாக் காருக்கும் உள்ள வேலைதான்.

ஃபைபர் வேலையை எனக்குச் சொல்லித் தந்தவர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் ஒரு தம்பி. கார் டிங்கர் பட்டறைகளில் கேட்டால், விரிசல் மேல் பட்டி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றார்கள். இவரிடம் போனில் விரிசல் படத்தைக் காட்டியதும், "அண்ணே, முன்னாடி பாக்காதீங்க, பின்னாடி என்ன இடிக்குதுன்னு பாருங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நட்சத்திரம் மாதிரி பரவும் விரிசல் பெரும்பாலும் உள்ளிருந்து ஏதோ அழுத்துவதால் வருவது. என் காரில் கதவுக் கீல் பக்கம் ஃபைபருக்குள் பதித்திருந்த இரும்புத் தகடு துருவேறி உப்பி, ஃபைபரைப் பிளந்திருந்தது. தகடை வெட்டி எடுத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் தகடு வைத்து, மறுபடி மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு மூடினேன். பட்டி போட்டு மறைத்திருந்தால் ஆறு மாதத்தில் அதே விரிசல் பெயிண்டுக்கு மேலே வந்து நின்றிருக்கும்.

பெயிண்ட் ரிமூவர் பக்கமே போகவில்லை. அது பெயிண்டோடு, இழைகளைப் பிடித்து வைக்கும் பிசினான ரெசினையும் தின்றுவிடும். பிளேடால் சுரண்டுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, இதுதான் வழி. கண்ணாடி இழைத் தூசு தோலில் ஏறினால் அரிப்பு உயிரை எடுக்கும். வெந்நீரில் குளிக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் சோப்பு. தூசுக்கு ஒரு மாஸ்க், ரெசின் வாசனைக்குக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். இரண்டும் வெவ்வேறு, ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

உடைந்த இடத்தைச் சரிசெய்யும் முறை இது. முதலில் ஓட்டையைச் சுற்றி நன்றாகச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பாடி 3 மி.மீ. கனம் என்றால் சரிவு 36 மி.மீ. அகலம் வரை போக வேண்டும், அதாவது கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு. பார்க்கும்போது நல்ல பாடியை வீணாக்குகிற மாதிரி மனசு பதறும். ஆனால் புது மேட் பழைய ஃபைபரைப் பிடித்துக்கொள்வது அந்தச் சரிவில்தான். அசிட்டோன் துணியால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டைக் கையால் பிய்த்து (கத்தரித்தால் ஓரம் தடித்துத் தெரியும்), ரெசினில் நனைத்து, இரும்பு ரோலரால் காற்றுக் குமிழ் போக உருட்ட வேண்டும். ஒரு மேட் ஏறத்தாழ 1 மி.மீ. கனம் தரும். மூன்று மேட்டுக்கு மேல் ஒரே மூச்சில் போடவில்லை. ரெசின் இறுகும்போது தானே சூடாகும். கனமாகப் போட்டால் அந்தச் சூட்டிலேயே வளைந்துவிடும்.

கோபால்ட், கேட்டலிஸ்ட் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட் மூன்றையும் தனித்தனி பாட்டிலில் தருவார்கள். ரெசினை இறுக வைப்பது கேட்டலிஸ்ட், அந்த இறுகலை வேகப்படுத்துவது கோபால்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுவதுமாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறப்பேன். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதில்லை. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், அதனால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் தொடக் கூடாது. மண்டபத்துத் தம்பி மற்ற எதைச் சொன்னாலும் சாதாரணமாகச் சொல்வார், இதை மட்டும் ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திச் சொன்னார்.

அடுத்தது வெயில். புத்தகக் கணக்குப்படி கேட்டலிஸ்ட் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. ஆனால் அந்தக் கணக்கு 20, 25 டிகிரி ஊர்களுக்கு. சித்திரை, வைகாசியில் நம் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரியைத் தாண்டும். கையில் பிரஷ் இருக்கும்போதே கப்பில் ரெசின் கெட்டித் தயிர் ஆகிவிடும். அதற்காகக் கேட்டலிஸ்ட்டை 1 பங்குக்குக் கீழே குறைக்கவும் முடியாது, குறைத்தால் உள்ளே முழுதாக இறுகாது. குறைக்க வேண்டியது கோபால்ட்டைத்தான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சிரிஞ்சில் அளந்து, நூறு நூறு கிராமாகக் கலந்து, விடியற்காலையில் ஆரம்பித்து எட்டு, எட்டரைக்குள் முடித்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்போது தொட்டால் ரெசின் பிசுபிசுவென்று நிற்கும். தை, மாசி காலைகள்தான் இந்த வேலைக்கு வரம். மேட் வேலை முழுவதையும் அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வைத்து, மழைக்காலத்தில் எஞ்சின் பக்கம் போனேன்.

எஞ்சின் பெரிய கதை இல்லை. இதே 848 சிசி எஞ்சின் ரிலையன்ட் ராபின் மூன்று சக்கரக் காரிலும் ஓடியதால் கேஸ்கெட், லைனர் எல்லாம் இன்னும் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. வரவழைத்தேன். இது வெட் லைனர் எஞ்சின் (சிலிண்டர் குழாயைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீர் நேராகவே ஓடும்), பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். நம் ஊர் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதைத் தவிர வேறு எதையும் நான் அனுமதிப்பதில்லை, வண்டியைத் துடைத்துத் தரும் பையனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பிரேக் சிலிண்டர்களை லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் (புதுக் குழாய்) போட்டு வாங்கினேன்.

வயரிங் வேலையில் எலக்ட்ரீஷியன் திணறினார். தகரக் காரில் லைட்டின் ஒரு முனை பாடியைத் தொட்டாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு லைட்டுக்கும், ஹாரனுக்கும், வைப்பர் மோட்டாருக்கும், பெட்ரோல் மிதவைக்கும் தனி எர்த் வயர் இழுத்து, எல்லாவற்றையும் சேஸில் சுத்தமாகத் தேய்த்த ஒரே இடத்தில் முடுக்கினேன். இண்டிகேட்டர் போட்டால் பின் லைட் மினுக்குகிறது என்று இந்தக் காரைப் பற்றி வரும் புகாரெல்லாம் எர்த் கோளாறுதான்.

பெயிண்டுக்கு அவசரப்படவில்லை. புது ஃபைபரை வாரக்கணக்கில் வெயிலில் நிறுத்தி நன்றாக இறுக விட்டேன். பச்சையாக இருக்கும்போதே பெயிண்ட் அடித்தால் பிறகு மேட்டின் இழை வடிவம் மேலே பதிந்து தெரியும். கறுப்பு, கருநீலம் எல்லாம் அழகுதான், ஆனால் மதுரை வெயிலில் அந்த நிறங்கள் ஏற்றிக்கொள்ளும் சூட்டில் இழை சீக்கிரம் வெளியே வரும். ஆர்சியில் வெள்ளை என்றே இருந்தது நல்லதாய்ப் போனது. நிறத்தை மாற்றினால் அதையும் ஆர்சியில் பதிய வேண்டும். ஆடிக் காற்று முழுக்க ஓயும் வரை காத்திருந்து, புரட்டாசி தொடக்கத்தில் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்தோம். ஆடியில் நாகமலைப் பக்கம் வீசும் புழுதியில் ஒரு பேனல்கூட சுத்தமாக வராது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு. டால்பினுக்கு அது இன்னும் பொருந்தாது. எல்லாப் பழைய காரையும் போல 25-ஆம் எண் படிவம் கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது எண்கள் ஒன்று விடாமல் தெளிவாக வந்தன.

கையெழுத்தான வாரமே செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாய் வரை ஓட்டிப் போனேன். ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை, ஸ்டியரிங் விரல் அசைவுக்குத் திரும்பியது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்துக் கதவுக் கீல் பக்கம் பார்த்தேன், விரிசல் எதுவும் இல்லை. முன் கண்ணாடி ரப்பர் மட்டும் பாக்கி. பழையதில் ஒரு துண்டு வெட்டி, அதே வடிவத்தில் இழுத்துத் தரச் சொல்லி ரப்பர் செய்கிறவரிடம் கொடுத்திருக்கிறேன்.