டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: ஸ்டீயரிங் கனத்தால் முதலில் டிரன்னியனைப் பாருங்கள்

டிரையம்ஃப் நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பிட்ஃபயர் என்றதும் “முன் சக்கரம் மடங்கி விழுமே, அந்தக் கார்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. மடங்கும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான டிரன்னியனில், கியர் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் யாரோ பல வருடங்களாகக் கிரீஸ் அடித்திருப்பார்கள். பழியோ காரை வடிவமைத்தவர்கள் மேல் விழுகிறது.

1962 முதல் 1980 வரை வந்த இந்தக் காரின் முன் சஸ்பென்ஷன், அதற்கு முன்பே வந்த டிரையம்ஃப் ஹெரால்ட் காரிலிருந்து எடுத்தது. ஹெரால்ட் நமக்கும் புதிதல்ல, வண்டலூரில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் தயாரித்த அதே ஹெரால்ட்தான். இன்றும் அதைப் பராமரித்து ஓட்டுபவர்களுக்கு இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். டிரையம்ஃபின் ஜிடி6, விடெஸ் கார்களிலும், பழைய லோட்டஸ் எலானிலும் இதே ஏற்பாடுதான்.

சக்கரம் திரும்புவதற்கு மேலே ஒரு பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு) இருக்கிறது. கீழே பால் ஜாயிண்ட் கிடையாது. வெர்டிகல் லிங்க் என்ற எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை போட்டு, பித்தளை நிறத்தில் இருக்கும் டிரன்னியனுக்குள் அதைத் திருகிவிட்டிருப்பார்கள். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழல்கிறது. ஸ்பிரிங்கின் அடி, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கையான விஷ்போனில் பொருந்தியிருப்பதால், அந்த மூலையின் எடையும் இந்த மரை வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. போதாக்குறைக்கு ஸ்பிட்ஃபயர் சுமார் 24 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சக்கரம் அவ்வளவு ஒடிகிறது என்றால் மரைக்கும் அவ்வளவு வேலை.

கிரீஸ் இந்த மரையின் இடுக்குகளுக்குள் முழுதாக இறங்காது. இறங்கிய கிரீஸும் நாளாக ஆக இறுகிப்போகும். மேல் ரப்பர் சீல் வெடித்தால் தண்ணீர் புகுந்து எஃகு மரை துருப்பிடிக்கும். பிறகு டிரன்னியன் இறுக்கிப் பிடிக்க, ஒவ்வொரு திருப்பத்திலும் லிங்க் முறுக்கப்படுகிறது. மரை தொடங்கும் மேல் பகுதியில், மரைப் பள்ளத்தின் அடியில் விரிசல் ஆரம்பிக்கும். வேகத்தில் போகும்போது உடையும் என்று பலர் பயப்படுகிறார்கள். வழக்கமாக உடைவது பார்க்கிங்கில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது. முறுக்கு அதிகம் விழுவது அப்போதுதான்.

உடைவதற்கு முன் அறிகுறி காட்டும். ஸ்டீயரிங் கனக்கும், வளைவிலிருந்து வெளியே வரும்போது தானாக நேர் நிலைக்குத் திரும்பாது, சில சமயம் கிறீச்சென்று சத்தம் வரும். டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்த பிறகும் இவை இருந்தால் காரைத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான். சேஸிஸுக்கு அடியில் ஆக்சில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்க வேண்டாம்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் மேல் பால் ஜாயிண்ட் அல்லது டிரன்னியன். கடப்பாரை போன்ற சின்ன லீவரால் டிரன்னியனையும் லிங்க்கையும் பிரித்து நெம்பினால் மரையின் தேய்மானம் கண்ணில் படும். அடுத்து இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டின் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) லூஸ் தெரியும். உதவியாள் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பும்போது, அந்தத் தண்டுகளை இடம் வலமாக நகர்த்தும் ஸ்டீயரிங் ரேக்கையே கவனியுங்கள். எண்ணெய் பட்டு ஊறிய ரப்பர் மவுண்டுகளில் ரேக் முழுதாகப் பக்கவாட்டில் நகரும். இதை டிரன்னியன் கோளாறு என்று நினைத்துச் செலவு செய்பவர்கள் நிறைய.

முடிவு சொல்லும் சோதனை இன்னொன்று: டை ராடு எண்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் ஊறிய மரை சீராக நகரும். நடுவில் எங்கேனும் பிடித்தாலோ, மணல் அரைவதுபோல் கையில் உணர்ந்தாலோ கழற்றியே ஆக வேண்டும். வாங்கிய காரின் பழைய பராமரிப்பு விவரம் தெரியாவிட்டால், அறிகுறி இல்லாமலே இரு பக்கமும் கழற்றிப் பார்ப்பதுதான் என் கட்சி.

கழற்றும்போது தொல்லை தருவது டிரன்னியனின் குறுக்கு போல்ட். உள்ளே இருக்கும் எஃகு ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சில நேரம் அறுக்க வேண்டிவரும். புது போல்ட், நைலான் புஷ், சீல்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. லிங்க்கின் மரையைச் சுத்தமாகத் துடைத்து, டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்து விரிசல் தேடுங்கள். துரு அரித்த குழிகள் இருந்தாலே அந்த லிங்க் கழிவுதான். தேய்ந்த லிங்க்கில் புது டிரன்னியன் போடுவது காசுக்குக் கேடு. இடது வலது மரைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும், வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

பூட்டும்போது எண்ணெய் தடவி டிரன்னியனை அடிவரை திருகி, பிறகு சற்றே பின்னுக்குத் திருப்பி, போல்ட் பொருந்தும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பூட்டி முடித்ததும் இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் கோடிக்கு வருவதற்கு முன்பே மரை உள்ளே முட்டினால் புது லிங்க்கும் முறுக்கப்பட்டு உடையும். விஷ்போனின் உள்பக்க ரப்பர் புஷ் போல்ட்களைத் தளர்த்தியிருந்தால், கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் அவற்றை இறுக்க வேண்டும். கடைசியாக வீல் அலைன்மென்ட்.

எண்ணெய் விஷயத்தில் டிரையம்ஃப் கையேடு சொல்வது இபி 90 ஹைப்பாய்ட் கியர் ஆயில். டிரன்னியனில் உள்ள பிளக்கை எடுத்துவிட்டு நிப்பிள் (எண்ணெய் அடிக்கும் முனை) மாட்டி, கியர் ஆயில் நிரப்பிய கன்னால், மேல் சீலில் எண்ணெய் கசியும்வரை அடியுங்கள். சாதாரண கிரீஸ் கன்னில் எண்ணெய் நிரப்பினாலும் போதும், ஒழுகும் என்பதால் கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். அடித்தபின் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் சில முறை திருப்பி, மறுபடி கொஞ்சம் அடித்தால் மரை முழுக்கப் பரவும். கையேட்டில் 6,000 மைல் இடைவெளி. அரிதாக ஓடும் காருக்கு வருடம் ஒருமுறையாவது வேண்டும். டிரன்னியனின் அடியை மூடும் வட்டத் தகட்டில் ஈரம் தெரிந்தால் ஊற்றுவதெல்லாம் தரைக்குத்தான் போகும். அந்தக் கசிவை முதலில் அடைத்துவிடுங்கள்.